நாட்டார், செவ்வியல், ஜாஸ், உலக இசை: ஒரே மேடையில் எப்படி ஒத்துப்போகின்றன?

நாகர்கோவில் பக்கம் அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, வில்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்குடம் இருக்கும். அதன் வாயில் மட்டையால் தட்டித் தாளம் போடுவார்கள். இதை எல்லோரும் நாட்டார் இசை என்கிறோம். மானாமதுரையில் செய்த இன்னொரு மண்பானை சென்னை சபா மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதன் பெயர் கடம். இசையின் பெயர் செவ்வியல். அதே கடத்தை விக்கு விநாயக்ராம் 1970களில் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாக்லினின் கிதாரோடு வாசித்தார். அந்த இசைத்தட்டுகளை ஜாஸ் ரசிகர்கள் தேடி வாங்கினார்கள். பிறகு அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் விநாயக்ராம் வாசித்தார். 1992இல் சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

பானை ஒன்றுதான், பெயர் நான்கு. அப்படியானால் இந்த நான்கும் உண்மையில் எதைக் குறிக்கின்றன? ‘நாட்டார், செவ்வியல், ஜாஸ், உலக இசை, எல்லாம் ஒரே விழாவில்’ என்று ஓர் அழைப்பிதழ் வந்தால் அந்த மேடையில் என்ன நடக்கிறது? ‘இசைக்கு எல்லை இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் அங்கே எல்லைகள் இருக்கின்றன, அவற்றை எண்ணிக்கூடக் காட்டலாம். எதை எதோடு சேர்க்கலாம், எங்கே இடிக்கும் என்பதை இசை தெரியாதவரும் புரிந்துகொள்ள முடியும்.

### நான்கு பெயர்கள், நான்கு அளவுகோல்கள்

பலரும் இந்த நான்கையும் ஒரே அளவுகோலின் நான்கு கோடுகள் என்று நினைக்கிறார்கள். நாட்டார் இசை எளிமையானது, செவ்வியல் கடினமானது, ஜாஸ் இஷ்டத்துக்கு வாசிப்பது, உலக இசை வெளிநாட்டுக்காரர்களுடையது என்று ஒரு பட்டியல் எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. நான்குமே தவறு.

*நாட்டார் இசை* என்பது பாட்டு எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சொல்லும் பெயர். கேட்டுப் பழகி, ஒரு சடங்கையோ வேலையையோ ஒட்டி, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறி வரும் இசை அது. எளிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் மோதிக்கொள்ளும் இடத்தைக் கைதட்டி எண்ணிப் பாருங்கள், தெரியும்.

*செவ்வியல் இசை* என்பது இலக்கணம் வெளிப்படையாக எழுதப்பட்டு, முறையான பயிற்சியும் ஒரு பாடல் தொகுப்பும் கேட்பதற்கென்றே ஒரு சபையும் கொண்ட இசை. இதில் சபை என்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அல்ல. சென்னை மியூசிக் அகாதமி தொடங்கியது 1928இல். வர்ணத்தில் ஆரம்பித்துத் துக்கடாக்களில் முடியும் இன்றைய கச்சேரி முறையும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில்தான் நிலைபெற்றது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நையாண்டி மேளத்திலும் நாகஸ்வரமும் தவிலும் உண்டு, கோவில் கச்சேரியிலும் உண்டு. கருவியை வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

*ஜாஸ்* ஒரு வரலாற்றின் பெயர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டும் பித்தளை வாத்தியக் குழுக்களும் ராக்டைம் இசையும் சேர்ந்து உருவானது. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வந்தது.

*உலக இசை* கடைக்காரர்கள் வைத்த பெயர். ராபர்ட் பிரௌன் என்ற அமெரிக்க அறிஞர் 1960களிலேயே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அவர் மிருதங்கத்தைப் பற்றி ஆய்வு செய்தவர், தஞ்சாவூர் ரங்கநாதனிடம் கற்றவர். ஆனால் சொல் பரவியது அதனால் அல்ல. 1987இல் லண்டனில் ஒரு மதுவிடுதியில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடிப் பேசினார்கள். மாலி நாட்டுப் பாட்டையும் பல்கேரியப் பாட்டையும் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அந்த அலமாரிக்கு ஒட்டிய சீட்டுத்தான் இது. ஒலியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கிராமிக்காரர்களே 2020இல் அந்தப் பிரிவின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

இதுவரை பார்த்தது: ஒன்று கைமாறும் முறை, ஒன்று நிறுவனமும் இலக்கணமும், ஒன்று வரலாறு, ஒன்று கடை அலமாரி. அதனால்தான் ஒரே பானை நான்கிலும் பொருந்துகிறது.

### அடுத்தடுத்து வைப்பதும் சேர்த்து வாசிப்பதும்

நான்கும் வரும் விழாக்கள் இரண்டு வகை. முதல் வகையில் ஒவ்வொரு குழுவும் தன் இசையைத் தன் நேரத்தில் வாசித்துவிட்டுப் போகும். ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியல் முன்னின்று 1982இல் இங்கிலாந்தில் முதல் விழா நடத்திய ‘வோமேட்’ பெரும்பாலும் இந்த வகை. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமமும் பூங்காக்களில் பறையாட்டத்தையும் கர்நாடக இசையையும் இப்படித்தான் வைத்தது. கலப்பது கேட்பவரின் காதில் மட்டும்.

இரண்டாம் வகையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே உருப்படியை வாசிப்பார்கள். ஃபியூஷன் என்று நாம் சொல்வது இதை. சிக்கலும் சுவாரசியமும் இங்கேதான், இனி வருவதெல்லாம் இதைப் பற்றியது.

மார்கழியில் இரண்டு பேர் ஒரே வாசலில் சேர்ந்து கோலம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சிக்குக் கோலக்காரர், மற்றவர் பூக்கோலம் போடுபவர். கோடு எப்படி வளைய வேண்டும் என்று இருவரும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் புள்ளிகளில் ஒத்துப்போயே ஆகவேண்டும். ஒருவர் நேர்ப்புள்ளியும் மற்றவர் இடுக்குப்புள்ளியும் வைத்துவிட்டால், இருவரும் எவ்வளவு தேர்ந்தவர்களாக இருந்தாலும் கோடுகள் சேராது.

இசையில் அப்படி மூன்று வகைப் புள்ளிகள் உண்டு. எங்கே நிற்கிறோம், காலடியில் தரை நகருமா நகராதா, எத்தனை எண்ணுகிறோம்.

### முதல் புள்ளி: சுருதி

பாட்டு எந்த உயரத்தில் நின்றுகொண்டு தொடங்குகிறதோ, திரும்பத் திரும்ப எங்கே வந்து சேர்கிறதோ, அந்த ‘ச’தான் *ஆதார சுருதி*. நம்மூரில் இதைக் கட்டைக் கணக்கில் சொல்கிறோம், அதாவது ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையில் ‘ச’வை வைக்கிறோம் என்று. ஆண் பாடகர்கள் பொதுவாக 1 கட்டையை ஒட்டி, பெண்கள் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். கச்சேரி முழுக்க அந்தச் சுருதி மாறாது.

ஜாஸ்காரருக்கு இப்படி ஒரு நிரந்தர வீடு கிடையாது, பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொள்வார். ஆனால் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் செய்யப்பட்ட விதத்தால் சில சுருதிகள் அவர் விரலுக்கு வசதி. அவற்றில் ஒன்று நம் கணக்கில் 2½ கட்டை. நாகஸ்வரத்திலும் 2, 2½ கட்டைகள் வழக்கமானவை. ஆக நாகஸ்வரமும் ஆல்ட்டோ சாக்ஸஃபோனும் ஒரே மேடையில் சந்திப்பது, பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு விசித்திரமான காரியம் இல்லை. சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் நாகஸ்வரமே கற்றுக்கொண்டு தன் இசைத்தட்டுகளில் வாசித்தார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் ஆர்.ஏ. ராமமணியோடும் அவர் செய்த பதிவு 1983இல் வெளிவந்தது.

‘ச’ பொருந்திவிட்டால் மற்ற ஸ்வரங்களும் பொருந்திவிடுமா? முழுக்க இல்லை. பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எல்லாம் சமமாக வகுக்கப்பட்டவை. தம்புராவை நன்றாக மீட்டினால் அதனுள்ளிருந்து தானாகவே எழும் அந்தர காந்தாரம் (‘க’வின் மேல் வகை) அந்தச் சமக்கணக்கில் வராது. அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை நூறு பங்காக்கினால், பியானோவின் காந்தாரம் தம்புராவுடையதைவிடச் சுமார் 14 பங்கு மேலே நிற்கும். சிறிய வித்தியாசம்தான். வேகமாக ஓடும்போது தெரியாது. மெதுவாக காந்தாரத்தில் நின்று இழைக்கும்போது பாடகரும் கீபோர்டும் லேசாக உரசும். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இன்னும் பெரிய விஷயம். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். பியானோவுக்கு அந்த அசைவு கிடையாது. கிதாருக்கு ஓரளவு உண்டு. புளூஸ் பாடகர்களும் ‘க’வின் மேல், கீழ் வகைகள் இரண்டுக்கும் நடுவே வழுக்கி நிற்பவர்கள்தான், அதனால் இந்த விஷயத்தில் நமக்குப் பியானோவைவிடப் புளூஸ் கிதார்தான் நெருக்கம்.

### இரண்டாவது புள்ளி: நகரும் தரை

பெரும்பாலான ஃபியூஷன் கச்சேரிகள் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

மேற்கத்திய இசையிலும் ஜாஸிலும் மெட்டுக்கு அடியில் *கார்டு* என்ற ஒன்று ஓடுகிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலித்தால் அது கார்டு. ச, க, ப மூன்றையும் ஹார்மோனியத்தில் சேர்த்து அழுத்துங்கள், அது ஒரு கார்டு. ஜாஸில் இவை வரிசையாக மாறிக்கொண்டே இருக்கும். மெட்டு வாசிப்பவர் அந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்துதான் கற்பனை செய்வார்.

நம் இசையில் அடியில் இருப்பது தம்புரா. அது மாறாது. மாறாததால்தான் ராகம் நிற்கிறது. ‘ரி’ என்பது ‘ச’விலிருந்து எவ்வளவு தூரம் என்பது காதுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால்தான் அது ‘ரி’.

இப்போது ஒரு பாடகர் மோகனம் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரங்கள். தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிதார்காரர் அடியில் ‘ச’வைப் பிடித்திருக்கும்வரை மோகனம் மோகனமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் அழகுக்காக ‘த’வுக்கு நகர்கிறார். பாடகர் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் கேட்பவர் காது ‘த’வை வீடாக எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. அந்த ஐந்து ஸ்வரங்களை ‘த’விலிருந்து எண்ணினால் வருவது சுத்த தன்யாசி. கர்நாடக இசையில் இதற்குக் *கிரக பேதம்* என்று பெயர், அதாவது ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் இடம் மாற்றுவது. வித்வான்கள் இதை எப்போதாவது, வேண்டுமென்றே, ஒரு சாகசமாகச் செய்வார்கள். கார்டு வாசிப்பவரோ சில வினாடிகளுக்கு ஒருமுறை, தெரியாமலே செய்துவிடுகிறார்.

‘கீபோர்டு வந்ததும் ராகம் போய்விட்டது’ என்று சபா வாசலில் பெரியவர்கள் புலம்புவது வெறும் பழமைவாதம் இல்லை. அவர்கள் கேட்டது நிஜம். காரணம் கீபோர்டு என்ற கருவி அல்ல, தரை நகர்ந்ததுதான்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்கள் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசியகீத மெட்டுகூட அவற்றில் உண்டு. அவர் மெட்டை எடுத்துக்கொண்டார், கார்டை வெளியே விட்டுவிட்டார். தரை நகரவில்லை, எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குள் நிம்மதியாக உட்கார்ந்தது.

மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் கார்டு மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நிற்கும் ஜாஸை வாசித்தார். ‘சோ வாட்’ என்ற அவருடைய உருப்படியை நம் கணக்கில் இப்படிச் சொல்லலாம்: 2 கட்டையில் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள் 16 பார், அப்புறம் அதே ஸ்வரங்கள் 2½ கட்டைக்கு ஏறி 8 பார், மீண்டும் 2 கட்டையில் 8 பார். *பார்* என்றால் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் அறை. கரகரப்ரியா ராகம் என்று இதைச் சொல்ல மாட்டேன், ஸ்வரங்கள் மட்டும்தான் ஒன்று. ஆனால் தரை நெடுநேரம் நிற்பதால் நம் காதுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

‘சக்தி’ குழு இரண்டு வழிகளையும் சேர்த்தது. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விநாயக்ராமின் கடம். டிரம் செட் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. மெக்லாக்லின் தன் கிதாரில் நரம்பு அழுத்தும் பலகையைக் குழிவாகச் செதுக்க வைத்தார், கமகம் இழுக்க வசதியாக. தந்திகளுக்குக் குறுக்கே ஏழு சுருதித் தந்திகளும் பூட்டினார். அதாவது தரையைத் தன் கருவியிலேயே கட்டிக்கொண்டார். அந்தக் குழு பிழைத்ததற்குக் கலைஞர்களின் மேதைமை எவ்வளவு காரணமோ, இந்தத் தச்சு வேலையும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.

சுருக்கமாக: ‘ச’ ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது நகராமலும் இருக்க வேண்டும். நகர வேண்டும் என்றால் எப்போது நகரும் என்று பாடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

### மூன்றாவது புள்ளி: எண்ணிக்கை

தாளம் எண்ணிக்கைதான் என்பதால் இங்கே சண்டையைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம்.

ஜாஸின் அடிப்படை வடிவங்களில் ஒன்று பன்னிரண்டு பார் புளூஸ். ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை, ஆக ஒரு சுற்று 48. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 8. ஆறு ஆவர்த்தனத்தில் 48 வந்துவிடும். ரூபகத்தை 6 ஆக எண்ணினால் எட்டுச் சுற்றில் வரும். இரண்டுமே சிக்கல் இல்லாமல் ஒன்றாக முடியும்.

மிஸ்ர சாப்பு 7. இப்போது 48 ஏழால் வகுபடாது. புளூஸ் ஏழு சுற்றும் மிஸ்ர சாப்பு 48 சுற்றும் முடிந்த பிறகுதான், 336ஆவது எண்ணிக்கை கடந்து, இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் இதற்கு 2 நிமிடம் 48 வினாடி ஆகும். நடுவில் ஒருவர் சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் அடிக்கு, வந்து அடிக்கும்போது மற்றவர் எங்கோ பாதியில் இருப்பார். தெரிந்து செய்தால் அது ஒரு அற்புதமான இழுபறி. தெரியாமல் செய்தால் இரைச்சல்.

டேவ் புரூபெக் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் 1958இல் துருக்கிக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்தார். துருக்கியில் தெருக் கலைஞர்கள் 9 எண்ணிக்கையை 2+2+2+3 என்று பிரித்து வாசிப்பதைக் கேட்டார். மறு ஆண்டு ‘புளூ ரோண்டோ ஆ லா துர்க்’ வந்தது. எண்ணிக்கை துருக்கிய நாட்டார் இசையிலிருந்து, பெயரில் உள்ள ‘ரோண்டோ’ ஐரோப்பியச் செவ்வியல் வடிவம், வாசிப்பவர்கள் ஜாஸ்காரர்கள். மூன்று பெயர்களும் ஒரே உருப்படியில் இருக்கின்றன. ஆனால் கற்பனை வாசிக்கும் கட்டம் வந்ததும் அவர்கள் அந்த 9ஐ விட்டுவிட்டு, பழகிய பன்னிரண்டு பார் புளூஸுக்குப் போய்விடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கை பழகாத கணக்கில் அரைகுறையாகக் கற்பனை செய்வதைவிட அது நேர்மையான தீர்வு.

எண்ணிக்கை பொருந்தினாலும் நடை, அதாவது ஒரு எண்ணிக்கையை எப்படிப் பிரிக்கிறோம் என்பது, பொருந்தாமல் போகலாம். ஒரு எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்கும்போது ஜாஸ்காரர் முதல் பாதியை நீட்டி, இரண்டாவதைக் குறுக்குவார். அந்தச் சாய்வுதான் *ஸ்விங்*. நம் காதுக்கு அது, மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையின் மூன்றில் இரண்டு பங்கும் ஒரு பங்கும் போல ஒலிக்கும், வேகத்துக்கு ஏற்ப அளவு மாறும். மிருதங்கக்காரர் சதுஸ்ரத்தில் நேராக நான்கு நான்காகப் போய்க்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கும். திஸ்ரத்துக்கு மாறினால் உடனே சேர்ந்துகொள்ளும்.

### ‘இஷ்டத்துக்கு’ என்று ஒன்று இல்லை

ஜாஸ் என்றால் தோன்றியதை வாசிப்பது என்ற எண்ணம் இப்போது தானாகவே விழுந்திருக்கும். முதலில் எல்லோரும் மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதே கார்டு வரிசை, அதே பார் எண்ணிக்கை சுற்றிச் சுற்றி வரும்போது ஒருவர் பின் ஒருவராகக் கற்பனை. கடைசியில் மீண்டும் மெட்டு. கல்பனா ஸ்வரம் பாடுபவர் எவ்வளவு தூரம் போனாலும் பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து விழ வேண்டியிருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தெருக்கூத்துக் கலைஞரும் அப்படித்தான்: கதை தெரியும், மெட்டு தெரியும், அன்றைய கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார், சுருக்குவார். எது கட்டு, எது அவிழ்ப்பு என்பதில்தான் ஒவ்வொரு மரபும் வேறுபடுகிறது.

### நாட்டார் கலைஞருக்கு எந்த இடம்?

இந்தக் கலவை விழாக்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்குகிறார்கள். அதற்கு 2½ கட்டை, 5 கட்டை என்ற கணக்கெல்லாம் கிடையாது. சுருதிச் சிக்கல் இல்லாததால் எந்தக் குழுவோடும் நிறுத்திவிடலாம். ஏற்பாட்டாளர்களுக்கு இது ரொம்ப வசதி. அதனாலேயே பறையிசைக் குழுவைத் தொடக்கத்தில் ஆரவாரத்துக்கு ஒரு பத்து நிமிடம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கொட்டும்போது ஒரு பத்து நிமிடம் என்று வைத்துவிடுகிறார்கள். பறையில் சாவுக்கு ஒரு அடி, சாமி ஊர்வலத்துக்கு ஒரு அடி என்று தனித்தனியாக இருப்பது மேடையில் தெரியவே வராது.

பாட்டு என்று வந்தால் நிலைமை தலைகீழ். ஒப்பாரி பாடுபவர் சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டு பாடுவதில்லை. அழுகை ஏற ஏறக் குரலும் ஏறும். அவர் பின்னால் கார்டு வாசிக்கும் குழுவை உட்கார வைத்தால், ‘அம்மா, கொஞ்சம் இறக்கிப் பாடுங்க’ என்று அவரைத்தான் சரிசெய்யச் சொல்வார்கள். கீபோர்டுக்காரரிடம் ‘அவர் ஏறும்போது நீங்களும் ஏறுங்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் அந்தக் கருவியில் சுருதி மாற்ற ஒரு பொத்தானே இருக்கிறது.

அடுத்தமுறை இப்படி ஒரு விழாவின் நிகழ்ச்சி நிரல் கையில் கிடைத்தால் பெயர்களைப் பார்ப்பதோடு, கீபோர்டும் பேஸும் இருக்கின்றனவா, நாட்டார் குழுவுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் நான் சீட்டு வாங்குவதில்லை.